கஷ்ட காலத்தில் ஆப்பிரிக்க மரபுகள் கைகொடுக்குமா? யொரூபா ஊரில் 11 வருடம் இருந்தவனின் பதில்

"கஷ்ட காலத்தில் நம்பிக்கையும் விடாமுயற்சியும் பெற ஆப்பிரிக்க ஆன்மிக மரபுகள் உதவுமா?" என்று ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள். கீழே எழுதியிருந்த நாலு வரியைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வேலை போய் எட்டு மாதம். அப்பா இறந்து வருகிற மாதத்தோடு ஒரு வருடம். கோயிலில் போய் நின்றால் மனம் ஒட்டவில்லை. யூடியூபில் நைஜீரியாவின் யொரூபா மக்கள் கும்பிடுகிற ஓரிஷா தெய்வங்கள் என்றும் அவர்கள் குறி பார்க்கும் முறையான இஃபா என்றும் பார்த்ததில் ஏதோ இழுக்கிறது, அதில் ஒருவர் வீடியோ அழைப்பிலேயே தீட்சை தருகிறேன் என்று 60,000 ரூபாய் கேட்கிறார். ஆக, இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. விழுந்து கிடக்கிற ஆளை எழுப்பி நடக்கவைக்கிற மாதிரி அந்த மரபில் ஏதாவது உண்டா என்பது ஒன்று, அதைப் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம்: முடியாது, பணத்தை அனுப்பாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதல் கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரம் எடுத்து எழுத உட்கார்ந்தேன்.

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1980 முதல் 1991 வரை நைஜீரியாவில், ஓஷோக்போவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். 1979 அக்டோபரில் பதவிக்கு வந்த ஓயோ மாநில அரசு மேல்நிலைப் பள்ளிக் கட்டணத்தை எடுத்துவிட்டது, பிள்ளைகள் வந்து குவிந்தார்கள், வாத்தியார்கள் போதவில்லை, வெளிநாட்டிலிருந்து ஆள் எடுத்தார்கள். அப்படிப் போனவர்களில் நானும் ஒருவன். அந்தப் பக்கத்து மக்களின் யொரூபா மொழி சந்தையில் பேரம் பேசவும் துக்க வீட்டில் இரண்டு வார்த்தை சொல்லவும் போதுமான அளவு வரும். ஊர் திரும்பிய பிறகும் இதைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் விடாமல் படித்து வருகிறேன். ஆனால் தீட்சை பெற்றவன் இல்லை. சடங்கு நடக்கிற இடத்தில் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவன், அவ்வளவுதான். அந்த அளவுக்கு மட்டும் என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. 'ஆப்பிரிக்க ஆன்மிகம்' என்று ஒரே மதம் கிடையாது. 54 நாடுகள், நூற்றுக்கணக்கான மொழிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி தெய்வங்கள், தனித்தனி முறைகள். கானாவின் அக்கான் மக்கள் துணியில் அச்சுக் குத்தும் அடிங்க்ரா சின்னங்களில் 'ஆயா' என்று ஒரு பெரணி இலை உண்டு, எந்த இடத்திலும் முளைத்துத் தாக்குப்பிடிக்கிற செடி என்பதால் அது பொறுத்து நிற்பதன் அடையாளம். ஜிம்பாப்வேயில் ஷோனா மக்கள் ஒருவர் இறந்து ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து அவர் ஆவியை வீட்டுக்குத் திரும்ப அழைத்து வருவார்கள், 'குரோவா குவா' என்று பெயர். இவற்றையெல்லாம் ஒரே பானையில் போட்டுக் கிண்டி 'ஆப்பிரிக்க ஞானம்' என்று விற்கிற வீடியோக்களை நம்பவேண்டாம். எனக்கு ஓரளவு தெரிந்தது யொரூபா மரபு, நீங்கள் பார்த்த ஓரிஷாவும் இஃபாவும் அதைச் சேர்ந்தவைதான். அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

தத்துவத்திலிருந்து தொடங்காமல் ஒரு வார்த்தையிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஊருக்குப் போன முதல் வாரம், சந்தையில் சாக்கடைக் கல் தடுக்கி முழங்காலில் விழுந்தேன். நாலு பக்கமும் இருந்த பெண்கள், தக்காளிக் கூடைக்குப் பின்னால் இருந்தவர், பிள்ளையை முதுகில் கட்டியிருந்தவர், யாரோ ஒரு கிழவி, எல்லாரும் ஒரே நேரத்தில் "பெலே" என்றார்கள். 'மன்னித்துக்கொள்' என்கிறார்கள் என்று நினைத்து, 'இவர்கள் என்ன தப்பு செய்தார்கள்?' என்று குழம்பிப்போனேன். அப்புறம்தான் தெரிந்தது. தடுக்கி விழுந்தவனுக்கு, தும்மியவனுக்கு, காய்ச்சல்காரனுக்கு, தலையில் பாரத்தோடு மேடு ஏறுகிறவனுக்கு எல்லாம் அந்த வார்த்தைதான். 'மெல்ல, பார்த்து, உன் வலி எனக்கும் தெரிகிறது' என்பதெல்லாம் அதில் அடங்கும். இதே வார்த்தைதான் அந்த மரபின் மிக உயர்ந்த சொல்லிலும் இருக்கிறது: 'இவா பெலே'. இவா என்றால் குணம், இவா பெலே என்றால் மென்மையான, பதமான குணம். இஃபா பாடல்கள் மனிதனிடம் கேட்பதில் முதல் இடம் இதற்குத்தான். "சூரூ நி பாபா இவா" என்று ஒரு பழமொழி, பொறுமைதான் குணத்துக்குத் தகப்பன். ஒரு கதையில் இவா என்பது ஒரு பெண்ணின் பெயர், சூரூ என்ற பொறுமையின் மகள், ஞானத்தின் தெய்வமான ஒருன்மிலாவுக்கு மனைவி. அவர் அவளைச் சரியாக நடத்தாமல் விரட்டிவிட, எல்லாம் கையைவிட்டுப் போகிறது, ஞானத்தின் தெய்வமே பிறகு அவளைத் தேடி வீடு வீடாக அலைகிறார்.

நீங்கள் கேட்ட 'விடாமுயற்சி' என்கிற சொல்லுக்கு வருகிறேன். 1986 அங்கே மோசமான வருடம். நைராவின் மதிப்பு சரிந்தது. அதற்கு முந்தைய வருடம் ஒரு டாலருக்கு ஒரு நைராகூட இல்லை, 1987இல் நாலு நைரா ஆகிவிட்டது. எங்கள் சம்பளம் அதே எண்ணிக்கைதான், ஊருக்கு அனுப்பினால் கால்வாசிதான் போய்ச் சேரும். அந்தச் சமயத்தில் அம்மா இறந்துபோன தந்தி பதினோரு நாள் கழித்து என் கைக்கு வந்தது. காரியமே முடிந்திருக்கும். விமான டிக்கெட்டுக்கு வழியும் இல்லை. வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டில் பாமாயில் விற்கிற ஒரு அம்மாள் இருந்தார், எல்லாரும் அவரை 'இயா எலெபோ' என்போம், எண்ணெய்க்கார அம்மா. என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "எ கூ இரோஜு" என்றார். யொரூபாவில் 'எ கூ' என்று தொடங்கி எல்லாவற்றுக்கும் ஒரு முகமன் உண்டு, வேலை செய்கிறவருக்கு ஒன்று, பயணம் முடித்து வந்தவருக்கு ஒன்று, மழையில் நனைந்து வந்தவருக்கு ஒன்று. இரோஜு என்றால் தாங்கிக்கொள்வது, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது. 'நீ தாங்கிக்கொண்டிருக்கிறாய், அதை நான் பார்க்கிறேன்' என்பதுதான் அந்த முகமனின் பொருள். அன்று சாயங்காலம்வரை ஒருவர் பின் ஒருவராக வந்து அதையே சொல்லிவிட்டுப் போனார்கள். நான் எதையும் தாங்கிக்கொண்டிருக்கவில்லை, நொறுங்கிப்போய் இருந்தேன். ஆனால் இருபது பேர் அதைச் சொன்ன பிறகு ராத்திரி எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன். விடாமுயற்சி என்பது நான் தனியாக உள்ளே தேடி எடுக்கவேண்டிய சரக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த ஊரில் அது அடுத்தவர் வந்து உங்களிடம் சொல்கிற ஒரு முகமன். உங்களுக்கு இந்த மரபிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துத் தரச் சொன்னால், நான் இதைத்தான் தருவேன்.

சரி, நம்பிக்கைக்கு வருவோம். யொரூபாக்களிடம் 'ஒரி' என்று ஒரு கருத்து உண்டு. நேர்ப்பொருள் தலை. வெளியே தெரிகிற தலைக்குள் இன்னொரு தலை, அதுதான் ஒருவருடைய விதி, அவருக்கே உரிய தெய்வமும் அதுதான். பூமிக்கு வருமுன் ஒவ்வொருவரும் வானுலகில் அஜாலா என்ற குயவனின் வீட்டுக்குப் போய்த் தன் தலையைத் தானே தேர்ந்தெடுக்கிறார். அஜாலா கைதேர்ந்தவன்தான், ஆனால் கடன்காரன், பொறுப்பில்லாதவன், சில தலைகளைச் சரியாகச் சுடாமலே அடுக்கிவைத்துவிடுவான். மூன்று நண்பர்கள் தலை வாங்கக் கிளம்புகிறார்கள். இரண்டு பேர் நேராகப் போகிறார்கள், குயவன் இல்லை, பார்க்க அழகாக இருந்த இரண்டு பச்சைத் தலைகளை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். வழியில் மழை பிடித்துக்கொள்கிறது, சுடாத மண் கரைகிறது. பூமியில் அவர்கள் எவ்வளவு உழைத்தாலும், சம்பாதிப்பதெல்லாம் அந்தத் தலையைப் பூசி ஒட்டவைப்பதற்கே சரியாகப் போய்விடுகிறது.

மூன்றாமவன் அஃபுவாபே, ஒருன்மிலாவின் மகன். வழியில் நிற்கக்கூடாது என்று சொல்லியிருந்தும் அப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று நின்றவன். அங்கே அவனுக்காகக் குறி பார்த்து, உப்பும் சோழிப் பணமும் படையலாக வைக்கச் சொல்லி, அதில் ஒரு பங்கைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். போகிற வழியில் ஒரு வாயிற்காவலன் குழம்பு வைத்துக்கொண்டிருக்கிறான், உப்புக்குப் பதில் சாம்பலைப் போடுகிறான், அவனுக்கு உப்பென்றால் என்னவென்றே தெரியாது. அஃபுவாபே கொஞ்சம் உப்பை எடுத்துப் போடுகிறான். ருசி பார்த்த காவலன் நெகிழ்ந்துபோய் குயவன் வீட்டுக்குத் தானே கூட்டிப்போகிறான். அங்கே கடன் கொடுத்தவன் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருக்க, அஜாலா பரணில் ஏறி ஒளிந்திருக்கிறான். அந்தக் கடனை அஃபுவாபே அடைக்கிறான். இறங்கி வந்த குயவன் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு தலையாகத் தட்டிப் பார்த்து, நன்றாகச் சுட்ட தலையாக ஒன்றைப் பொறுக்கிக் கொடுக்கிறான். மழையில் அது கரையவில்லை. இந்தக் கதையை வெளியுலகுக்கு விரிவாக எழுதிக் காட்டியவர்களில் முக்கியமானவர் வாண்டே அபிம்போலா, இஃபா குடும்பத்தில் பிறந்து பின்னாளில் இஃபே பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரானவர். எனக்கு ஸ்டாஃப் ரூமில் சொன்னது ஒரு வேதியியல் வாத்தியார், பானையைத் தட்டிப் பார்க்கிற மாதிரி மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னார்.

இந்தக் கதையை இரண்டு விதமாகப் படிக்கலாம், இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்கவேண்டும். கெட்ட தலை வாய்த்தவனுக்கு மீட்சியே இல்லை என்று படிக்கிறவர்கள் உண்டு, அந்த ஊர்க்காரர்களிலேயே உண்டு, ஆய்வாளர்களும் இதை வைத்து நிறைய வாதாடியிருக்கிறார்கள். இது இன்னும் தீராத வழக்கு. நான் பழகிய பெரியவர்கள் சொன்னது வேறு: தலை மட்டும் போதாது, எசெ வேண்டும். எசெ என்றால் கால். அதற்கும் ஒரு கதை, தலைகளெல்லாம் கூடிக் காலைக் கூப்பிடாமல் ஒரு காரியத்தை முடிவு செய்தன, ஒன்றுமே நடக்கவில்லை, எடுத்துக்கொண்டுபோய் நடத்திவைக்கக் கால் இல்லையே. விதியும் ஒரு காரணம், நடையும் ஒரு காரணம், பூசி ஒட்டவைப்பதும் ஒரு வேலை. எட்டு மாதமாக நீங்கள் செய்துகொண்டிருப்பது ஒருவேளை அந்தப் பூச்சு வேலையாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் நடக்காத மாதிரிதான் தெரியும்.

இன்னொரு பாடலையும் சொல்லிவிடுகிறேன். ஒருன்மிலா தெய்வங்களைக் கூட்டிக் கேட்கிறார்: பக்தனோடு தூரப் பயணம் போய், பாதியில் திரும்பாமல் கூடவே வருகிறவர் உங்களில் யார்? ஒவ்வொருவராக 'நான் வருவேன்' என்கிறார்கள். நடந்து நடந்து உன் அப்பாவின் ஊர் வந்து, உனக்குப் பிடித்த பதார்த்தத்தை வயிறு நிறையக் கொடுத்தால் என்ன செய்வாய் என்று கேட்டால், 'சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்' என்கிறார்கள். கடைசியில் ஒருன்மிலாவும் அப்படித்தான். திரும்பாமல் வருவது ஒரி மட்டும். பெரிய தெய்வங்கள் கைவிட்டுப் போனாலும் உள்ளே ஒன்று கூடவே நடக்கிறது என்று ஒரு மதமே தன் வாயால் சொல்கிறது பாருங்கள். கோயிலில் மனம் ஒட்டவில்லை என்று குற்ற உணர்ச்சியோடு எழுதியிருந்தீர்களே, அதைப் படித்தபோது இந்தப் பாட்டுதான் எனக்கு நினைவு வந்தது.

அப்புறம் இஃபா. இதைக் குறி பார்ப்பது என்று சொன்னால் பாதிதான் சரி. பாபலாவோ என்கிற இஃபா பூசாரி 16 பனங்கொட்டைகளை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் ஒரே பிடியில் அள்ளுவார். மிச்சம் ஒன்று நின்றால் இரண்டு கோடு, இரண்டு நின்றால் ஒரு கோடு, மரத்தட்டில் பரப்பிய மரத்தூளில் விரலால் இழுப்பார். இப்படி எட்டு முறை, அதில் வரக்கூடிய உருக்கள் 256. கணக்கு வாத்தியாரான எனக்கு அதைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது, இரண்டின் எட்டாம் அடுக்கு கண்முன்னால் தூளில் கிடக்கிறது. ஒவ்வொரு உருவுக்கும் ஏராளமான பாடல்கள், எல்லாம் மனப்பாடம், கற்க பத்து வருடமும் அதற்கு மேலும் ஆகும். 2005இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் வாய்மொழிச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது.

மேலே சொன்ன வேதியியல் வாத்தியாரின் மனைவி தையல் கடை வைத்திருந்தார், ஒரு ராத்திரி அது எரிந்துபோனது. அந்த அம்மாள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், அவர் அண்ணன் முஸ்லிம், இருந்தும் வாத்தியாரோடு சேர்ந்து மூவரும் ஒரு பாபலாவோவிடம் போனார்கள், என்னையும் கூட்டிப்போனார்கள். யொரூபா வீடுகளில் இது சகஜம். எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், அந்த அம்மாள் தன் பிரச்சினையைப் பெரியவரிடம் சொல்லவே இல்லை. ஒரு நாணயத்தை உதட்டருகே வைத்து அதனிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டுக் கீழே வைத்தார். பெரியவர் கொட்டைகளை அள்ளி, கோடு இழுத்து, அந்த உருவுக்குரிய பாடல்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். எல்லாம் ஒரே அச்சு: இன்னார் இன்னாருக்கு இஃபா பார்த்தார்கள், அந்த ஆள் இன்ன குறையால் அழுதுகொண்டிருந்தார், இன்ன படையல் வைக்கச் சொன்னார்கள், வைத்தார் அல்லது வைக்கவில்லை, பிறகு இன்னது நடந்தது. அந்த அம்மாள் தலை குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தவர் ஒரு பாட்டில் கையைத் தூக்கி "இது" என்றார். தன் கதை எது என்று தேர்ந்தெடுத்தது அவர்தான். எந்தக் கதை என்று எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு புறா, பாமாயில், கோலாக் கொட்டை, அதோடு தெருப் பிள்ளைகளுக்குக் காராமணி வேகவைத்துப் போடவேண்டும் என்று பரிகாரம். மறுநாள் பெரிய அலுமினியச் சட்டியில் காராமணி வெந்தது, முப்பது பிள்ளைகளுக்கு மேல் வந்தார்கள், கூட்டிப்போக அவர்கள் தாய்மார்கள் வந்தார்கள், முற்றத்தில் உட்கார்ந்து பேச்சு வளர்ந்தது, தீப்பிடித்த பிறகு அந்த வீட்டில் அவ்வளவு பேர் கூடியது அன்றுதான். அதில் ஒருத்தி தன் பழைய தையல் மெஷினை எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

இஃபா வருவதை முன்கூட்டிச் சொல்லுமா என்று கேட்டால், நம்ப எனக்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. ஆனால் பெரும் துயரத்தில் இருக்கிற ஒருவர் தன் துயரத்தை யாரிடமும் விளக்கிச் சொல்லவேண்டிய கஷ்டம் இல்லாமல், முன்பு யாரோ இதே மாதிரி அழுதார் என்று கேட்டு, தன் கதையைத் தானே அடையாளம் கண்டு, மறுநாள் செய்ய ஒரு வேலையோடு வீடு திரும்பியதை நான் கண்ணால் பார்த்தேன். அது உறுதி. கஷ்டங்களுக்கு அந்த மரபில் பெயரே உண்டு, அஜோகுன் என்கிற பகைக் கூட்டம்: இகு என்றால் சாவு, ஆருன் என்றால் நோய், ஒஃபோ என்றால் இழப்பு, இன்னும் சில. இவை வருவது நீங்கள் கெட்டவர் என்பதால்தான் என்று அது சொல்வதில்லை. உலகத்தில் அவையும் இருக்கின்றன, எல்லார் வீட்டுக் கதவையும் தட்டும். உங்கள் வீட்டுக்கு இகுவும் ஒஃபோவும் ஒரே வருடத்தில் வந்திருக்கின்றன.

இந்த மரபு எவ்வளவு தாங்கும் என்பதற்கு அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் பார்க்கவேண்டும். நானூறு வருடத்துக்குக் கிட்டத்தட்ட நடந்த அடிமை வியாபாரத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடிப் பேர், உயிரோடு கரை சேர்ந்தவர்கள் சுமார் 1.07 கோடி. மிக அதிகமாகக் கொண்டுபோனது பிரேசிலுக்கு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓயோ பேரரசு உடைந்து உள்நாட்டுப் போர்கள் வந்தபோது பிடிபட்ட யொரூபாக்கள் பிரேசிலின் பாயியாவுக்கும் கியூபாவுக்கும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். கியூபாவில் 1886இலும் பிரேசிலில் 1888இலும்தான் அடிமைமுறை ஒழிந்தது. பெயர் போய், குடும்பம் பிரிந்து, மொழி நசுங்கி, இருந்தும் ஓரிஷாக்கள் பிழைத்தார்கள். பிரேசிலில் அதற்குக் கண்டோம்பிளே என்று பெயர், கோயில் மனையை டெரெய்ரு என்பார்கள். அதைக் கட்டிக் காத்ததில் பெண்களின் பங்கு மிகப் பெரியது. பாயியாவின் தலைநகரான சால்வடோரின் புகழ்பெற்ற டெரெய்ருக்களில் ஒன்றை 1910இல் நிறுவிய மாய் அனின்யா (மாய் என்றால் தாய், டெரெய்ருவின் தலைவியை அப்படித்தான் அழைப்பார்கள்), விடுதலையான ஆப்பிரிக்கர்களின் மகள். அடிமைமுறை ஒழிந்தும் தொல்லை ஓயவில்லை. போலீஸ் உள்ளே புகுந்து பூசைச் சாமான்களை அள்ளிப்போன காலம் உண்டு, பாயியாவில் 1976 வரை டெரெய்ருக்கள் போலீசில் பதிவு செய்து அனுமதி வாங்கவேண்டியிருந்தது. கத்தோலிக்கப் புனிதர்களுக்குப் பின்னால் ஓரிஷாக்களை ஒளித்துவைத்துத்தான் காப்பாற்றினார்கள் என்று பலரும் எழுதுவார்கள். அது வெறும் மறைப்பா, இரண்டையும் உண்மையாகவே சேர்த்து நம்பினார்களா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1983இல் மாய் ஸ்டெல்லா உட்பட சால்வடோரின் சில மூத்த தாய்மார்கள், இனி புனிதர்களின் போர்வை வேண்டாம் என்று வெளிப்படையாகவே அறிக்கை விட்டார்கள்.

2013இல் என் மகள் சாவோ பாவ்லோவில் வேலை பார்த்தபோது ஒரு ஆகஸ்ட் திங்கட்கிழமை சால்வடோரில் புனித லாசரு தேவாலயத்துக்குப் போனோம். வாசல் படியில் வெள்ளைப் பாவாடை கட்டிய பெண்கள் கூடை நிறையப் பொரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், மக்காச்சோளப் பொரி. வருகிறவர்களின் தலையிலும் தோளிலும் அதை அள்ளிக் கொட்டி உடம்போடு தடவி விடுகிறார்கள். இது ஒபாலுவாயேவுக்கு உரியது, அம்மை நோயின் தெய்வம், உடல் முழுக்க வைக்கோலால் மூடியிருப்பார். ஒரு விருந்தில் அவர் புண்களுக்கு வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்க, காற்றின் தெய்வமான யான்சா வந்து ஊதினாள், புண்களெல்லாம் துள்ளித் தெறித்துப் பொரியாக உதிர்ந்தன என்று கதை. அம்மைக்குத் தெய்வம் என்றால் நமக்கு யார் நினைவு வருவார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. என் அம்மாவும் அந்த நோயின் பெயரைச் சொல்லமாட்டாள், 'ஆத்தா வந்திருக்கா' என்பாள். யொரூபாவிலும் அந்தத் தெய்வத்தின் இயற்பெயரைச் சொல்லப் பயந்து, உலகின் அரசன் என்று பொருள்படும்படி ஒபாலுவாயே என்பார்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை, தொடர்பு எதுவும் கிடையாது, ஒரே கொடுமை இரண்டு இடத்தில் மனிதர்களை ஒரே மாதிரி மண்டியிட வைத்திருக்கிறது. பெரியம்மை உலகைவிட்டு ஒழிந்துவிட்டது என்று 1980லேயே அறிவித்துவிட்டார்கள். என் முன்னால் நின்ற நடுத்தர வயதுக்காரர் பொரி விழும்போது கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தார். என் முறை வந்தபோது நானும் தலையைக் குனிந்தேன். சூடு ஆறாத பொரி, சட்டைக் காலருக்குள் இரண்டு விழுந்துவிட்டது.

இதன் இருண்ட பக்கத்தையும் சொல்லவேண்டும். கஷ்டம் வந்தால் 'யார் செய்தது?' என்று ஆள் தேடுகிற பழக்கம் அங்கே உண்டு, சூனியக்காரி என்று பழி சுமப்பது பெரும்பாலும் ஆதரவற்ற வயதான பெண்கள். உங்கள் நிலைமைக்கு உறவுக்காரர் யாரோ வைத்ததுதான் காரணம் என்று எவராவது சொன்னால், ஆப்பிரிக்காக்காரரோ நம்மூர்க்காரரோ, அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுங்கள். உயிர்ப்பலியும் இந்த மரபின் பகுதி, அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. தீட்சை பற்றிச் சொன்னேனே, கியூபாவில் புதிதாகத் தீட்சை பெற்றவர் ஒரு வருடம் முழுக்க வெள்ளை உடுத்திக் கட்டுப்பாட்டோடு இருக்கவேண்டும், கண்டோம்பிளேயில் வாரக்கணக்கில் டெரெய்ருக்குள்ளேயே தங்கி, பிறகு ஏழு வருடம் படிப்படியாகக் கடமைகளை முடித்தால்தான் மூத்தவர் ஆகலாம். அதில் ஒருவர் உங்களுக்குத் தாயோ தந்தையோ ஆகிறார், ஒரு வீடே உங்களுக்குச் சொந்தமாகிறது. தலையில் கைவைத்துச் செய்கிற காரியம் அது. வீடியோ அழைப்பில் ஒருவர் 60,000 ரூபாய்க்கு எதைக் கொடுப்பார்? உங்களுக்கு இப்போது வேலை இல்லை என்று தெரிந்தும் கேட்கிறார் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை, சில நாள் எழுந்திருக்கவே தோன்றவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு மரபு போதாது, ஒரு மருத்துவரைப் பாருங்கள். உடனே யாரிடமாவது பேசவேண்டும் என்றால் 14416, மத்திய அரசின் மனநல உதவி எண், கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். நான் பார்த்த நல்ல பாபலாவோக்கள் காய்ச்சல்காரரை ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பினார்கள்.

ஓரிஷாவைக் கும்பிடச் சொல்லமாட்டேன், வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். படிக்கப் பிடித்திருந்தால் படியுங்கள், கதைகளிலிருந்து தொடங்குங்கள். உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். காலையில் முகம் கழுவும்போது குளிர்ந்த நீரை உச்சந்தலையில் கொஞ்சம் வைத்து, இன்றைக்கு நடக்கவேண்டிய ஒரு காரியத்தைத் தலையிடம் சொல்லுங்கள், தலைக்குக் குளிர்ந்த நீர் வைத்து வேண்டிக்கொள்வது அங்கே சாதாரணப் பழக்கம், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அடுத்து அப்பாவின் வருடத் திதி. காசில்லை, நாலு பேரைக் கூப்பிட வெட்கமாக இருக்கிறது, அதனால் யாருக்கும் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விடவேண்டாம். காராமணி கிலோ என்ன விலை என்று பாருங்கள், ஒரு கிலோ வாங்கி முந்தின ராத்திரி ஊறவையுங்கள். தெருவில் இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் சொன்னால் போதும், பெரியவர்கள் பின்னாலேயே வருவார்கள்.